பதினோராவது துணி

என்னோடு சேர்ந்து முழங்கால் போடுகிற சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியை எழுதித் தரும்படி எங்கள் போதகரம்மா கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மற்றவர்கள் சாட்சியில் துன்பம் எங்கிருந்தோ வரும், ஆண்டவர் விடுவிப்பார். என் சாட்சியில் துன்பம் என் கையிலிருந்து கிளம்பிப் போனது. அதை எழுத யாருக்குத்தான் மனசு வரும்?

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். சாப்பிட உட்கார்ந்திருந்தேன். ஆப்பிரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் மகள் கிருபா போன் செய்தாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் இல்லை. வழக்கமாக எடுத்தவுடன் "சாப்டியாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு அது இல்லை.

"அம்மா, நீ அனுப்புன பாக்கெட்டை யாரு கட்டுனா?"

அந்தக் குரலைக் கேட்டதும் என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவள் ஏன் கேட்டாள், நான் என்ன பதில் சொன்னேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் முதலில் எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பெயர் ஞானசுந்தரி. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாக்கப்பட்டது இராஜபாளையம். என் வீட்டுக்காரர் மில் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு காஸ் என்கிற மெல்லிய வலைத்துணியை மடிக்கும் தொழிலை ஆரம்பித்தார். கிருபா பன்னிரண்டாவது படிக்கும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு நானே நடத்தினேன். ஆறு பெண்கள் மடிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. சதுரமாக வெட்டி, பிசிறு வெளியே தெரியாமல் மடித்து, பத்துப் பத்தாக அடுக்கிப் பாக்கெட் போடுவோம். ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். "எண்ணிக்கை 10" என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே மடித்தவளின் நம்பரை எழுத வேண்டும். ஒன்றாம் நம்பர் முதல் ஆறாம் நம்பர் வரை. எனக்கு நம்பர் கிடையாது. நான் முதலாளியம்மா.

பாக்கெட்டுகளைத் தராசில் வைத்துத்தான் பெட்டியில் போடுவோம். ஒரு துணி கூடினாலும் குறைந்தாலும் முள் காட்டிக்கொடுத்துவிடும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? வயிற்றைத் திறந்து ஆப்பரேஷன் செய்யும்போது ரத்தத்தை ஒற்ற இந்தத் துணியைத்தான் உள்ளே வைப்பார்கள். பத்து உள்ளே போனால் பத்து வெளியே வர வேண்டும். அப்படியும் ஒன்று தப்பிவிட்டால் கண்டுபிடிப்பதற்காக ஒவ்வொரு துணியிலும் ஒரு நீல நூல் ஓடும். எக்ஸ்ரே எடுத்தால் அது மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கிருபா நர்சிங் முடித்துவிட்டு தான்சானியாவில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஊழியம் செய்யப் போகிறேன் என்றபோது நான் ஆடிய ஆட்டம் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். எனக்கு வாய் ஜாஸ்தி. "ஒத்தப் புள்ளையப் பெத்து வளத்தது ஆப்பிரிக்காவுக்கு அனுப்பவா? இங்க நோயாளியே இல்லையா? அரசாஸ்பத்திரியில படுக்க எடமில்லாமக் கெடக்காங்க!" என்று கத்தினேன். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்று மாதம் நான் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவள் ஒரு போட்டோ அனுப்பினாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மரம். அதன் அடியில் பாயைக்கூட விரிக்காமல் நிறைமாதப் பெண்கள் ஏழெட்டுப் பேர் படுத்திருந்தார்கள்.

"ரெண்டு நாள் நடந்து வாராங்கம்மா. வலி வந்த பொறவு கெளம்புனா வழியிலயே பெத்துருதாங்க. அதான் முன்னாடியே வந்து மரத்தடியில கெடக்காங்க. தங்க ஒரு வீடு இருந்தா எம்புட்டோ உசுரு பொழைக்கும்" என்றாள்.

நானும் பெற்றவள்தானே. அழுதுவிட்டேன். மறுநாள் ஷெட்டில் ஆறு பேரிடமும் அந்தப் போட்டோவைக் காட்டினேன். நாலாம் நம்பர் முத்துமாரிதான் முதலில் பேசினாள். என்னிடம் பத்து வருஷமாக வேலை செய்கிறவள், மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவள். "சனிக்கிழம மத்தியானத்துக்கு மேல நாங்க மடிக்கிறதுக்குக் கூலி வேண்டாங்கா. அந்தத் துட்டை அனுப்புங்க" என்றாள். மற்ற ஐந்து பேரும் சரி என்றார்கள். அவர்களில் இரண்டு பேர்தான் நம் சபையார். மற்றவர்களுக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அப்படி ஆரம்பித்தது. கழித்துப் போட்ட துணியையெல்லாம் துவைத்துத் துடைக்கிற துணியாகத் தைத்து விற்றோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிறந்த வீட்டுச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு ஒரு கட்டுத் துணியைக் கொண்டுபோனேன். ஏலம் போடுகிற குருசு அண்ணன், "இது சாதாரணத் துணியில்லய்யா, ஆப்பிரிக்காவுல வீடு கட்டப் போற துணி!" என்று கூவினார். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, மறுபடி ஏலம் போடச் சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் எடுத்தார், அவரும் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரே கட்டு நாலு தடவை ஏலம் போனது. போதகர் என்னைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி ஜெபித்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே வீடு எழும்பியது. ஆறு கட்டில், தகரக் கூரை, சுவருக்கு வெள்ளை. போட்டோவைப் பெரிதாக்கி ஷெட்டில் மாட்டினேன். பிறகு நானாக ஒன்று நினைத்தேன். பணம் மட்டும் போதுமா, நம் கையால் மடித்த துணியும் போகட்டுமே என்று. ஆளுக்கொரு பெட்டி, ஆறு பெட்டி. பார்சலில் அனுப்பத் தயாரானோம். அங்கே கிருமி போக ஆவியில் வேகவைத்து எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்குத்தான் நான் சொன்னேன், "ஆளாளுக்குப் பாக்கெட்டுல ஒண்ணு கூடப் போடுங்க."

முத்துமாரி நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, சீட்டுல பத்துன்னு அடிச்சிருக்கே."

"இருந்தா என்னட்டி? கூடத்தானே போடச் சொல்லுதேன், கொறைக்கவா சொல்லுதேன்?"

"இல்லக்கா, எண்ணிக்கைன்னு ஒண்ணு..."

"ஏட்டி, கடவுளுக்குக் குடுக்கிறதுல கணக்குப் பாப்பியா? மொய் எழுதுனாக்கூட நூத்தியொண்ணுதானே எழுதுதோம். மொட்டையாப் பத்துன்னு அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். முத்துமாரி குனிந்து பதினோராவது துணியை எடுத்து வைத்தாள். தராசை நான்தான் ஓரமாகத் தள்ளி வைத்தேன். தர்மத்துக்கு எதற்குத் தராசு என்று ஒரு பேச்சு வேறு பேசினேன். நம் ஊரில் பூக்காரி முழம் போட்டால் ஒரு கை கூட விடுவாள், காய்க்காரி கொசுறு போடுவாள். அந்தக் கொசுறைத்தான் நான் ஒரு தாயின் வயிற்றுக்கு அனுப்பினேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை போனுக்கு வருகிறேன்.

நாங்கள் கட்டிய வீட்டில் தங்கியிருந்தவள் நேமா. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். "அவ பேரும் என் பேருதாம்மா. அவங்க பாஷையில நேமான்னா கிருபைன்னு அர்த்தம்" என்று கிருபா முன்பே அவளைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். நேமாவுக்குப் பிரசவம் சிக்கலாகி, வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ரத்தம் நிற்கவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்தது. புதுப் பெட்டியிலிருந்து முதல் பாக்கெட்டைப் பிரித்தவள் என் மகள்.

"பிரிச்ச உடனே ரெண்டு பேரா எண்ணணும்மா. அதான் சட்டம். நான் எண்ணல. சீட்டைப் பாத்தேன், பத்துன்னு இருந்துச்சு. நம்ம வீட்டுப் பாக்கெட்டு, தப்பாதுன்னு போர்டுல பத்துன்னு எழுதிட்டேன்" என்றாள்.

வெளியே பத்து வந்தது. கணக்குச் சரி என்று தைத்துவிட்டார்கள். பிறகு நேமாவுக்குக் காய்ச்சல் ஏறியது. வயிறு வீங்கியது. எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைக் கோடு தெரிந்தது. மறுபடி திறந்து துணியை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் சீழ் பரவி, அவள் நினைவில்லாமல் கிடந்தாள்.

"மிச்சம் இருந்ததை இப்பப் பிரிச்சுப் பாத்தேன். எல்லாத்துலயும் பதினொண்ணு இருக்கும்மா. எல்லாம் நாலாம் நம்பர்."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"நாலு... மாரிதான்" என்றேன்.

"மாரி அத்தையா? அவிய இப்படிப் பண்ண மாட்டாங்களே!" பிறகு அவளே சொன்னாள், "அவியளத் திட்டாதம்மா. எண்ணாம விட்டது நான்தான். மத்த அஞ்சு பெட்டியையும் ஏரிக்கு அக்கரையில ரெண்டு சின்ன ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டோம். மத்த நம்பர்ல தப்பு இருக்காதுல்ல?"

"இருக்காது. மத்ததையெல்லாம் நானே எண்ணுனேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பெற்ற மகளிடம் நான் குற்றவாளியாக நிற்க முடியவில்லை. பீடத்துக்கு முன்னால் நிறுத்தி ஜெபித்தார்களே, அந்த இடத்திலிருந்து இறங்க மனசு வரவில்லை. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

புதன்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போனேன். போட்டோவில் அந்த வெள்ளை வீடு. முத்துமாரி கேட்டாள், "அக்கா, நம்ம வீட்டுல வந்து தங்குன பிள்ளைக்குப் பொறந்துருச்சா? என்ன பிள்ளை?"

நான் எரிந்து விழுந்தேன். "பொம்பளப் பிள்ளை. தாய்க்காரி சாகக் கெடக்கா. உன் நம்பர் போட்ட பாக்கெட்டுல எண்ணிக்கை கூடியிருந்துச்சாம்!"

ஆறு பேருக்கும் தெரியும், யார் சொல்லி யார் போட்டது என்று. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கூலி கொடுக்கிறவள் நான். முத்துமாரி என்னையே பார்த்தாள். "நீங்க சொல்லித்தானேக்கா போட்டேன்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கையில் இருந்த துணியில் விழுந்தது. அழுக்கான துணி போகக்கூடாது என்பது எங்கள் சட்டம். அந்தத் துணியைக் கழித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அந்த மூன்று நாளும் நான் ஜெபிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். முழங்கால் தேயும்படி ஜெபித்தேன். "நேமாவை எழுப்பும் ஆண்டவரே" என்று வாய் சொன்னது. "இது யாருக்கும் தெரியாமல் போகட்டும் ஆண்டவரே" என்று மனசு கேட்டது. எந்த ஜெபம் பரலோகத்துக்குப் போயிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வெட்கத்தில் குறுகிப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் பெண்கள் உபவாச ஜெபம். பஸ் ஏறிப் போனேன். வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. கிருபா போதகரம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். வேலைக்காரி எண்ணும்போது தவறிவிட்டாள் என்று நானும் வந்ததும் சொல்லியிருந்தேன். "நம்ம மகள் கிருபா ஊழியம் செய்யுற இடத்துல ஒரு தாய் உயிருக்குப் போராடுதாங்க. எல்லாரும் பாரத்தோட ஜெபிப்போம்" என்றார்கள். முப்பது பெண்கள் பாயில் முழங்கால் போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா சத்தமாக, கண்ணீரோடு ஜெபித்தார்கள். என்னைத் தேற்றத்தான் அப்படி ஜெபித்தார்கள். "ஆண்டவரே, எண்ணத் தெரியாத ஒரு வேலைக்காரியோட கவனக்குறைவால உம்முடைய பிள்ளை ஞானசுந்தரிக்கு இந்தத் தலைகுனிவு வந்துச்சே! அந்த வேலைக்காரியை மன்னியும்!"

"ஆமென்" என்றார்கள் எல்லாரும்.

என்னால் அதற்கு ஆமென் சொல்ல முடியவில்லை. முத்துமாரியின் கண்ணீர் விழுந்த துணி கண் முன்னால் வந்தது. அதோடு, மூன்று நாளாக நான் அமுக்கி வைத்திருந்த ஒன்றும் வந்தது. ஏரிக்கு அக்கரையில் ஐந்து பெட்டி இருக்கிறது. எல்லாப் பாக்கெட்டிலும் பதினொன்று. எண்ணினேன் என்று நான் சொன்ன பொய்யை நம்பித்தான் என் மகள் சும்மா இருக்கிறாள்.

எழுந்து நின்றேன். "நிறுத்துங்க" என்றேன். ஜெபத்தின் நடுவில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"முத்துமாரிக்கு எண்ணத் தெரியும். வேண்டாம்னுதான் அவ சொன்னா. வாயை அடச்சுப் பதினொண்ணு போடச் சொன்னது நான். அவ மேல பழியப் போட்டதும் நான்" என்றேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

சபைக் கோயிலின் வாசலில் நின்று ஜெபித்தேன். என் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம் அதுதான். "அவ போனை எடுக்கணும் ஆண்டவரே." அவ்வளவுதான். ஏனென்றால் அந்த ஊருக்கு ஒரே தடவையில் லைன் கிடைத்ததே இல்லை. காலை வேளையில் கிருபா ஆப்பரேஷன் தியேட்டரில் இருப்பாள், போனைக் கையில் வைத்துக்கொள்ளவும் மாட்டாள். அவளுக்கு அங்கே காலை பத்தரை.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

நேமா விஷயம் விசாரித்து முடியும்வரை தியேட்டருக்குள் வரக்கூடாது என்று அன்று காலையில்தான் அவளை வெளியே அனுப்பியிருந்தார்கள். நாங்கள் கட்டிய வீட்டின் வாசற்படியில், கையில் போனை வைத்துக்கொண்டு அழுதபடி உட்கார்ந்திருந்தாளாம்.

"எல்லாப் பெட்டியிலயும் பதினொண்ணுதான்டி கிருபா. நான்தான் போடச் சொன்னேன். மாரி மேல தப்பே இல்ல. அக்கரைக்குச் சொல்லு, சீக்கிரம் சொல்லு" என்றேன்.

"அம்மா..." என்றாள். ஒரே ஒரு தடவை. வேறொன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அந்த நிமிஷம் அக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்திருந்தார்கள். இரண்டாம் நம்பர் பாக்கெட். சீட்டில் பத்து, வெளியே வந்ததும் பத்து. டாக்டர் ஊசியை வாங்கித் தைக்க ஆரம்பித்திருந்தார். வெளியே இருந்து ஒரு ஆள் ஓடிவந்து கதவைத் தட்டி, "தைக்காதீங்க, பதினொண்ணு!" என்று கத்தியிருக்கிறார். மறுபடி தேடினார்கள். குடலுக்குப் பின்னால், ரத்தத்தில் நனைந்து சதையோடு சதையாக, பதினோராவது துணி இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவளுக்கும் என்னைத் தெரியாது. அவள் பிழைத்தாள். என் தேவன் அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை.

ஆனால் நேமா பிழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கிருபாவின் குரல் செய்தி வந்தது. "அம்மா. அக்கரையில ஒரு தாயைக் காப்பாத்திட்டாங்க. நேமா நேத்து விடியக்காலையில போயிட்டா. அவ வீட்டுக்காரர்ட்ட நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

மூன்று மாதம் நான் அவள் போனை எடுக்காமல் இருந்தேன் என்று முன்னால் சொன்னேனே. அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேமாவின் வீட்டுக்காரர் கைப்பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்து போனாராம். இதைக்கூட வேறொருவர் மூலமாகத்தான் கேள்விப்பட்டேன். அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. இரண்டு நாள் பயணம். கையில் தாயில்லாத பிள்ளை. அந்த நடையை நான் மனதுக்குள் எத்தனை முறை நடந்திருப்பேன் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை ஷெட்டில், ஆறு பேருக்கும் முன்னால், முத்துமாரியின் காலில் விழப் போனேன். அவள் பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"அய்யய்யோ, என்னக்கா இது! எந்திரிங்க."

"என்னை மன்னிச்சிருட்டி."

அவள் பொய்யாக ஒரு வார்த்தை சொல்லி என்னைத் தேற்றவில்லை. "நீங்க சொன்னதுகூட வலிக்கலக்கா. அஞ்சு பேரும் பாத்துக்கிட்டு நின்னாளுகளே, அதான் வலிச்சுது" என்றாள். மற்ற ஐந்து பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். நேமா இறந்துவிட்டாள் என்று சொன்னேன். முத்துமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க ஆத்தாவுக்கு வெளக்குப் போடுதேன்னு வேண்டியிருந்தேனே" என்றாள். அவளும் புதன்கிழமையிலிருந்து அவளுக்குத் தெரிந்த விதத்தில் வேண்டியிருக்கிறாள், என் பழியைச் சுமந்துகொண்டே.

"இனிமே நம்ம எதையும் அனுப்ப வேண்டாம். துணியும் வேண்டாம், துட்டும் வேண்டாம். நான் தொட்டதெல்லாம் போதும்" என்றேன்.

முத்துமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிறுத்துனா அந்தப் பிள்ள வந்துருவாளாக்கா? மரத்தடியில கெடக்கிறவளுக என்ன செய்வாளுக?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். ஓரத்தில் கிடந்த தராசைத் தானே இழுத்து மேசை நடுவில் வைத்தாள்.

அன்றிலிருந்து அவள்தான் எண்ணுகிறாள். நான் மடிக்கிறேன். எனக்கும் ஒரு நம்பர் வாங்கிக்கொண்டேன். ஏழு. என் பாக்கெட்டில் தப்பு வந்தால் என் தலையில்தான் விடியும். முதல் வாரம் என் பாக்கெட் ஒன்றைத் தராசில் வைத்துவிட்டு முத்துமாரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முள் அதிகம் காட்டியது. கை தன் பழக்கத்தில் பதினொன்று எடுத்து வைத்துவிட்டது. அவள் திட்டவில்லை. மேலே இருந்த துணியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பாக்கெட்டைத் தூக்கினாள். அந்தத் துணி இப்போது என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் ஒரு கட்டுத் துணி கொண்டுபோனேன். குருசு அண்ணன் கூவுவதற்கு முன்னால், நடந்ததையெல்லாம் நானே மைக்கில் சொன்னேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துணி ஒரே தடவைதான் ஏலம் போனது. வந்ததை அப்படியே அந்தத் தாய்மார் வீட்டுக்கு அனுப்பினோம். கூடவே ஒரு பெட்டித் துணியும் போனது. ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் "பிரித்ததும் எண்ணவும்" என்று ஆங்கிலத்தில் எழுத வைத்தோம்.

பிரியமானவர்களே, நான் கேட்டது நேமாவின் உயிரை. அது கிடைக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் ஆண்டவரிடம் கேட்கிறேன், சண்டைகூடப் போடுகிறேன். ஆனால் வாசலில் நின்று நான் கேட்ட அந்தச் சின்ன ஜெபத்தை அவர் கேட்டார். நான் பொய்யோடு முழங்கால் போட்ட மூன்று நாளும் வானம் அடைத்துக் கிடந்தது. உண்மையைச் சொல்லி எழுந்த நிமிஷம் லைன் கிடைத்தது. உங்களில் யாராவது என்னைப் போல எதையாவது உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லுங்கள். பிறகு ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். அவர் எடுப்பார்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். பெட்டி போய்ச் சேர்ந்ததற்கு அடுத்த வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஷெட்டில் எல்லாரும் மடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. கிருபா. போனை எடுத்து அப்படியே நீட்டினேன். முத்துமாரிதான் வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

"பெட்டி வந்துருச்சும்மா" என்றாள் என் மகள். "நானே உக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சு எண்ணுனேன். எல்லாத்துலயும் பத்துதான் இருக்கு."

நாங்கள் ஏழு பேரும் மூச்சுவிடாமல் இருந்தோம். பிறகு கேட்டாள்.

"சாப்டியாம்மா?"